மாதிரிக்கு இரண்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் கொட்டகைப் பெண்கள் நால்வரும் சௌக்கியம். உன் அத்தானுக்கு வலது முட்டியில் வலி. கொட்டகையைப் பெருக்கித் தரச் சொன்னால் இடது முட்டிக்கும் வந்துவிடுகிறது. உனக்குச் சளி விட்டதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் செய்யும் முதுகுக்கை உனக்குத் தெரியும். மரத்தில் நீளக் காம்பு, நுனியில் ஐந்து விரல், எட்டாத இடத்தைச் சொறிந்துகொள்ள. அதில் ஒன்றை யாரோ பயணி உங்கள் ஊருக்குக் கொண்டுபோக, அங்கே குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் பார்த்துவிட்டார். ஐந்நூறு வேண்டுமாம். ஐந்நூறு அறை உள்ள ஒரு விடுதி செப்டம்பரில் திறக்கிறார்கள், அறைக்கு ஒன்று. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். சொறிய முடியாத அந்த ஓர் அறைக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கிறார். நியாயம்தான்.

இந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தால் கொட்டகை நிற்கும். சேராவிட்டால் பெண்கள் நால்வரும் பழைய தையல் கம்பெனிக்குத்தான் திரும்பவேண்டும். அங்கே கழிப்பறைக்குப் போனால் வாசலில் கடிகாரத்தோடு நிற்பாரே ஒரு சூப்பர்வைசர், அவர் இன்னும் அதே கடிகாரத்தோடு நிற்கிறாராம்.

நீ அங்கே வர்த்தகக் கம்பெனி மேனேஜர். தம்பி ஒரு வார்த்தை சொன்னால் எல்லை திறக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என்னென்ன அனுமதி வேண்டும் என்று எழுது. இன்னொன்று. உன் கடிதங்கள் ஏன் எப்போதும் மேலே இரண்டு விரற்கடை கிழிந்தே வருகின்றன? அவ்வளவு பெரிய கம்பெனியில் முழுத் தாள் கிடையாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலமே. சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. அத்தானின் இரண்டு முட்டிகளையும் கேட்டதாகச் சொல்.

தாள் விஷயம் முதலில். ஒரு பக்கம் வீணான தாளின் மறுபக்கத்தில் எழுதவேண்டும், தாளை எறியக்கூடாது என்று என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவள் நீதான். கம்பெனியில் வீணாகும் தாள் ஏராளம். மேலே கிழிந்திருப்பது எலியின் வேலை.

இப்போது அனுமதி. நான் மேனேஜர் என்பதால் இதெல்லாம் மேலோட்டமாகத்தான் தெரியும். மரச் சாமான் என்றால் பூச்சி இல்லை என்று காட்டச் சூளையில் வைத்துச் சூடேற்றவேண்டும். எத்தனை உருப்படி சூடேறியது என்று சான்றிதழ் தருவார்கள். அந்த எண்ணிக்கையோடு ஏற்றுமதி அனுமதி கேட்கவேண்டும். அனுமதியில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததும் மாதிரிக்கு இரண்டு எடுப்பார்கள். ஒன்றைக் குறுக்கே அறுத்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொன்றைச் சாம்பல் நிற அலமாரியில் மூன்று வருடம் வைப்பார்கள். அலமாரியின் மேல்தட்டு ஆடும் என்பதால் கனமான மாதிரிகள் கீழ்த்தட்டில்தான்.

மற்றபடி எனக்கு விவரம் தெரியாது.

இப்படிக்கு உன் பிரியமுள்ள தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு, அக்கா சுகம். நீ சுகமா? இருமலைக் காலி செய்யச் சொல், வெந்நீர் குடி.

மேலோட்டமாகத் தெரிந்தவனுக்கு அலமாரியின் எந்தத் தட்டு ஆடும் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. மேனேஜர் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். உங்கள் ஊர் எலி அடிஸ்கேல் வைத்துக் கிழிக்கிறது என்றார் அவர்.

ஐந்நூற்றையும் சூளைக்காரரிடம் கொடுத்துச் சூடேற்றிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அனுமதி அலுவலகத்துக்குப் போனோம். தடித்த கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி முதுகுக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? கரண்டியா?"

"இல்ல சார், முதுகு சொறியறதுக்கு."

"அப்போ மருத்துவச் சாதனம். நாலாம் மாடிக்குப் போங்க."

"வியாதிக்கு இல்ல சார். அரிப்புக்கு."

"அரிப்பு வியாதி இல்லையா?"

நம் கொட்டகையில் காம்பு இழைக்கிறாளே வாயாடி, அவள் கூட வந்திருந்தாள். "உங்களுக்கு முதுகு அரிச்சதே இல்லையா சார்? அரிச்சா லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கா போவீங்க?" என்றாள். என் உயிர் போய்விட்டது. அவர் அவளை முறைத்துவிட்டு, சட்டைக்குப் பின்னால் முதுகுக்கையை விட்டு மெதுவாக இரண்டு இழுப்பு இழுத்தார். கண் சொருகிவிட்டது. பிறகு 'வீட்டு உபயோகப் பொருள்' என்று எழுதி, ஐந்நூறு என்று எண் போட்டு, முத்திரை குத்தினார்.

குத்திவிட்டு மாதிரிக்கு இரண்டு எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது அனுமதியில் ஐந்நூறு, பெட்டியில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. கொட்டகையிலிருந்து வேறு இரண்டு கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். "அது சூளைக்குப் போகாத மரம்மா. சான்றிதழ் இந்த ஐந்நூறுக்குத்தான்" என்றார். எண்ணை மாற்றுவதற்குத் திருத்தப் பிரிவுக்குப் போகவேண்டுமாம். அவர் எழுந்து வழி காட்டியபோது முதுகுக்கையும் கூடவே வந்தது.

நாளைக்குப் போகிறேன். அங்கே உனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?

அக்கா

மார்ச் 18

தம்பி, சௌக்கியமா? உன் பதில் வரவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருத்தப் பிரிவில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று திருத்திக் கொடுத்தார்கள். திருத்திய பெட்டி என்பதால் மாதிரிக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் நானூற்றுத் தொண்ணூற்றாறு. திருத்தத்தைத் திருத்த வரிசையில் நின்றேன். நானூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை போனபோது அந்தப் பிரிவில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து சொறிந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவ்வளவு மரியாதை. ஒருவர் மட்டும் கை நீட்டி, "எனக்கு இன்னும் வரலைம்மா" என்றார்.

வாயாடி கணக்குப் போட்டுவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அலைந்தால் பெட்டி காலியாகிவிடும், அனுமதி மட்டும் கையில் நிற்கும். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவள் தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வந்தது எனக்குத் தெரியவந்தது. அதன்பிறகு சிரிப்பு வரவில்லை.

எண்ணிக்கை குறைந்தால் அந்த அம்மாளும் எடுக்கமாட்டார். அத்தான், "விட்டுத்தொலையேன்" என்கிறார். விடமாட்டேன். நீ ஒரு வழி சொல்லு.

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம், இருமலும் போய்விட்டது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தப்பு என்னுடையது, முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். புதிதாகக் கூடுதல் எண்ணிக்கையில் செய்து, எல்லாவற்றையும் ஒரே சூட்டில் ஏற்று. சூளைக்காரரிடம் சொல்லி ஒவ்வொரு காம்பிலும் அந்தச் சூட்டின் எண்ணைச் சுட்டு வைக்கச் சொல். பெட்டியில் ஐந்நூறு, மிச்சம் பையில். யார் இரண்டு எடுத்தாலும் அதே எண் உள்ள இரண்டைப் பெட்டியில் வைக்கலாம். சூடு ஒன்றுதான் என்பதால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் பக்கம் அப்படிச் சமாளித்துவிடலாம். எனக்குக் கவலை இந்தப் பக்கம்தான். இங்கேயும் இரண்டு எடுப்பார்கள், அப்போது பெட்டியில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் இருக்கும். எடுத்த மாதிரிக்கு ஈடாக ஏற்றுமதி செய்பவரோ அவர் எழுதிக் கொடுத்த ஆளோ அதே சூட்டில் ஏறிய பொருளை வைக்கலாம் என்று பதினேழாம் விதி இருக்கிறது. இருந்து என்ன பிரயோசனம்? சரக்கு இங்கே, அனுப்பியவர் அங்கே. யார் வந்து வைப்பது? நான் பார்த்த ஆறு வருடத்தில் ஒருத்தரும் வைத்ததில்லை.

ஆள் வந்துவிட்டார்கள், நாலு பெட்டி நிற்கிறது. முடிக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு, அக்காவும் மற்றவர்களும் நலம். உன் நலம் எழுது.

நீ சொன்னபடியே செய்தோம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. கை வீங்கும் வரை இழைத்தோம். அத்தான்கூட ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விரல்களுக்கு உப்புத்தாள் தேய்த்தார். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முட்டி தேவையில்லை என்று வாயாடி அவருக்குப் புரியவைத்துவிட்டாள். சூளைக்காரர் காம்பெல்லாம் எண் சுட்டுக் கொடுத்தார்.

ஐந்து இடத்தில் இரண்டு இரண்டாக எடுத்தார்கள். எடுக்க எடுக்கப் பையிலிருந்து வைத்தேன். தடித்த கண்ணாடிக்காரர் பெட்டியை எண்ணினார், பையைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றார். "என் தம்பி. அங்க மேனேஜர்" என்றேன். அவர் எழுந்து நின்றே முத்திரை குத்தினார்.

பெட்டி அடுத்த மாதம் கிளம்பும், வழியில் இரண்டு மாதம் ஆகும். இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. உன்னைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. பெட்டி அங்கே வரும் சமயத்தில் நானும் வந்து, அந்த இரண்டை நானே வைத்துவிடுகிறேன். உன் கம்பெனியையும் பார்த்த மாதிரி இருக்கும். மேனேஜர் அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

அக்கா

ஜூன் 6

தம்பி, நலமா? நாற்பது நாளாகிறது, ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால்காரர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்.

நான் வரவில்லை. மூச்சை விடு. அத்தானைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் வெந்நீர் வைக்கத் தெரியாமல் பட்டினி கிடப்பார்.

பெட்டி போன வாரம் கிளம்பிவிட்டது. கூடவே உனக்குத் தனியாக ஒரு பார்சல் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வரை அன்பளிப்பாகத் தபாலில் போகலாமாம், அனுமதி வேண்டாமாம். மிச்சம் இருந்த இரண்டு முதுகுக்கையும் அதில் இருக்கிறது. ஆனால் பெட்டி அங்கே வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் பார்சலைப் பிரிக்கவேண்டும். ஏன் என்று கேட்காதே. முதுகு எவ்வளவு அரித்தாலும் பிரிக்காதே. சின்ன வயசில் பொட்டலம் கண்டால் உன் கை நிற்காது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு, நான் மிக நலம். உன் கடிதம் வந்ததும் பதில் எழுதுகிறேன்.

நீ வரவில்லை என்று படித்து எனக்கு எவ்வளவு வருத்தம் என்று சொல்லி முடியாது. அந்தச் சமயத்தில் கம்பெனிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். மேனேஜர் அறையில் நாற்காலி போட இடமில்லை. அறையே இல்லை என்று வைத்துக்கொள்ளேன். அந்த யோசனையில்தான் முன்பே பதில் எழுத முடியவில்லை.

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஊர் வெயிலில் தோள்பட்டைகளுக்கு நடுவே அரிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொள்கிறேன். நான் ஒருவன்தானே இருக்கிறேன், எதற்கு இரண்டு?

பெட்டியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இரண்டு எடுக்கத்தான் வேண்டும். எடுக்காமல் விடச் சொல்லி யாரையும் கேட்க எனக்கு வாய் வராது.

தம்பி

ஆகஸ்ட் 2

அக்கா,

நலம் விசாரிக்க இன்றைக்கு வரி வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

பெட்டி திங்கட்கிழமை வந்தது. நான் மேனேஜர் இல்லை. மாதிரி எடுக்கும் மேசை என்னுடையதுதான். ஆறு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் பெட்டி வேறு யார் மேசைக்கும் போகவில்லை, நேரே என் மேசைக்குத்தான் வந்தது. மேலே உன் கையெழுத்தில் கொட்டகை விலாசம். கொஞ்ச நேரம் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பிரித்து இரண்டு எடுத்தேன். ஒன்றை நானே குறுக்கே அறுத்தேன். உள்ளே பூச்சி இல்லை, இழைப்பில் ஒரு குறையும் இல்லை. பதிவேட்டில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கும் அறைக்குப் போனேன். பெட்டி வந்த அன்றைக்குப் பிரிக்கச் சொன்னாயே என்று பார்சலைப் பிரித்தேன். காம்பில் அதே சூட்டு எண். கூடவே உன் கைப்பட ஒரு சீட்டு. 'பதினேழாம் விதிப்படி மாதிரிக்கு ஈடாக இரண்டு. எனக்காக வைப்பவர், மாதிரி எடுக்கும் மேசையில் இருக்கும் என் தம்பி.'

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. சாப்பிடவில்லை.

திரும்பி வந்து கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். "பதினேழா? அப்படி ஒன்னு இருக்கா?" என்றார். புத்தகத்தைத் தூசி தட்டிப் பார்த்தார். இருந்தது. "சரி, வைக்கிறவருக்கும் அனுப்பினவருக்கும் என்ன உறவு? எழுதணுமே."

"எங்க அக்கா சார்."

"அக்கா பெட்டிக்கா ரெண்டு எடுத்த?"

"விதி சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உறவுக்காரர் பெட்டியை நானே சரிபார்க்கக்கூடாது என்று பக்கத்து மேசைக்காரரை என் நாற்காலியில் உட்காரவைத்தார். என் மேசைக்கு அந்தப் பக்கம் நான் நின்றது அன்றைக்குத்தான் முதல் முறை. அங்கே நிற்பவர்கள் ஏன் எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் காம்பில் இருந்த எண்ணைச் சரிபார்த்தார். இரண்டையும் நான் பெட்டியில் வைத்தேன். ஐந்நூறு என்று எழுதி முத்திரை விழுந்தது. பெட்டி அந்த அம்மாளின் கடைக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது சீக்கிரம் மேனேஜர் ஆகிவிடுவேன் என்று சொன்னேன். ஆகவில்லை. பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்கு எப்படித் தெரிந்தது?

தம்பி

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் நலம், அத்தானின் முட்டிகள் உட்பட.

ஏப்ரல் மாதக் கடிதத்தில் அவசரத்தில் உன் எலி கிழிக்க மறந்துவிட்டது. மறுபக்கத்தில், வீணான படிவத்தின் தலைப்பில் 'மாதிரி எடுக்கும் மேசை' என்று அச்சடித்திருந்தது, கீழே உன் கையெழுத்து, அதன் மேல் குறுக்குக் கோடு. தாளின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தவள் இரண்டு பக்கத்தையும் படிக்கமாட்டாளா? வருகிறேன் என்று எழுதியது நீயாகச் சொல்வாய் என்றுதான். நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டாய். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. நீ 'ஆகிவிடுவேன்' என்றுதான் சொன்னாய், 'ஆகிவிட்டான்' என்று தெருவெல்லாம் சொன்னவள் நான்தான். அதன்பிறகு நீ எப்படி வாயைத் திறப்பாய்?

அந்த அம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், ஐந்நூறும் சரியாக இருக்கிறதாம். விடுதி வராந்தாவிலும் மாட்டவேண்டுமாம், இன்னும் இருநூறு கேட்கிறார். வாயாடி தையல் கம்பெனி வாசலுக்குப் போய், அந்த சூப்பர்வைசரிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டு வந்தாள்.

தெருவில் நான் இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். என் தம்பி எல்லையில் மேசை வைத்திருக்கிறான், சொந்த அக்கா பெட்டி என்று தெரிந்தும் இரண்டு எடுத்துவிட்டான் என்று. மேனேஜர் என்றபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள், இதைச் சொன்னால் நின்று கேட்கிறார்கள்.

தபாலில் ஒரு பார்சல் வருகிறது. இரண்டு முதுகுக்கை. சூளைக்குப் போய் வந்ததுதான், ஆனால் காம்பில் எண் சுடவில்லை. எந்தப் பெட்டிக்கும் ஈடாக வைக்க முடியாது, உன் முதுகுக்கு மட்டும்தான் ஆகும். வந்த உடனே பிரி.

அக்கா